ஸ்வெட்டரில் பெயர்: கண்ணி அறுபடாமல் போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப்பகுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா ஸ்வெட்டர் கொடுக்கிறது. ஒரு பள்ளியில் எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே பின்னல். வெயில் ஏறியதும் கழற்றி ஜன்னலில் போட்டுவிட்டு, மணி அடித்ததும் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிற வயது அது. அதனால் பெற்றோரும் ஆசிரியர்களும் ஸ்வெட்டரில் பெயர் போடப் பார்க்கிறார்கள். மார்க்கர் பேனாவால் எழுதினால் மை கம்பளி இழை வழியே பரவி எழுத்து கலங்கிப்போகிறது. தையல் நூலால் குத்தினால் கொஞ்ச நாளில் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. ஸ்வெட்டரே மட்டம் என்று பழி வருகிறது. பெரும்பாலும் கோளாறு ஸ்வெட்டரில் இல்லை, பெயர் போட்ட முறையில் இருக்கிறது. பின்னல் வேலையைக் கற்றுத் தருகிறவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். தங்கள் நாளிதழில் இடம் தர வேண்டுகிறோம்.

வேட்டி, சேலை, சட்டைத் துணியெல்லாம் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி நெய்தவை. ஸ்வெட்டர், பனியன், டி-ஷர்ட், காலுறை இவை நெய்தவை அல்ல, பின்னியவை. நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது, அந்தக் கண்ணிக்குள் அடுத்த வரிசையின் கண்ணி நுழைகிறது. வளைவு இருப்பதால்தான் துணி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. சாதாரணத் தையல் நூல் நீளாது. நீளாத நூலால் இறுக்கித் தைத்த பெயருள்ள ஸ்வெட்டரைத் தலை வழியாக மாட்டும்போது துணி நீள்கிறது, நூல் மறுக்கிறது. ஒன்று நூல் அறும், இல்லையென்றால் நூல் கண்ணியை அறுக்கும். ஒரு கண்ணி அறுந்தால் அது பிடித்திருந்த கீழ்க்கண்ணி அவிழும், அடுத்தது அவிழும். கூர்முனை ஊசி செய்கிற கேடும் இதுவே. அது கண்ணிக்கு இடையில் போகாமல் இழையைப் பிளந்துகொண்டு போகிறது.

ஆகவே பெயரும் துணியோடு சேர்ந்து நீள வேண்டும். அதற்குக் கையால் செய்யக்கூடியவற்றில் மிகச் சிறந்த வழி, கண்ணியின் மேலேயே இன்னொரு கண்ணியை ஊசியால் வரைவது. டூப்ளிகேட் ஸ்டிச் என்பார்கள். பின்னி முடித்த ஆடையில், வேறு நிற நூலால், இருக்கிற கண்ணியின் பாதையை அப்படியே தொடர வேண்டும். தேவைப்படுவது மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள கம்பளி ஊசி, ஆடையின் நூல் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் வேறு நிற நூல், ஒரு கத்தரி. அவ்வளவுதான்.

ஸ்வெட்டரின் நல்ல பக்கத்தை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் ஆங்கில ‘வி’ எழுத்து போலத் தெரியும். எழுத்தின் கீழ் வலது மூலையிலிருந்து தொடங்குங்கள். ‘வி’யின் கீழ்முனையில் உள்பக்கமிருந்து ஊசியை மேலே கொண்டு வாருங்கள். நேர் மேலே உள்ள கண்ணியின் இரண்டு கால்களுக்கும் அடியில், வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்து இழுங்கள். மறுபடி முதலில் வெளிவந்த அதே கீழ்முனையில் ஊசியை இறக்குங்கள். பழைய ‘வி’ மறைந்து புது நிற ‘வி’ வந்திருக்கும். ஊசியை இறக்கும்போதே இடப்பக்கத்துக் கண்ணியின் கீழ்முனையில் வெளியே எடுத்தால் அடுத்த கண்ணிக்குத் தயார். எழுத்தில் நெட்டுக்கோடு வரும் இடத்தில் கீழிருந்து மேலாகப் போங்கள். மேலிருந்து கீழே இறங்கினால் இரண்டாவது கண்ணி போடும்போது முதலாவதன் அடி கலைந்து நிறம் மங்கும்.

நூலை இழுப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். இறுக்கினால் புது நூல் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு அடி நிறம் இரண்டு ஓரத்திலும் எட்டிப் பார்க்கும். தளர விட்டால் பொத்தான், மேஜை மூலை என்று எதிலாவது மாட்டி இழுபடும். கண்ணியின் மேல் நூல் தானாகப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இழுங்கள். மெல்லிய நூலை எடுத்தால் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அடி மறையாது. தடித்த நூலை எடுத்தால் எழுத்து அட்டை போல விறைத்து நிற்கும். ஒரே தடவையில் 45 செ.மீ.க்கு மேல் நூல் கோக்காதீர்கள். கம்பளி நூல் திரும்பத் திரும்பக் கண்ணிக்குள் போய் வரும்போது முறுக்கு விட்டுப் பஞ்சாகிவிடும். முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு என்றைக்காவது நல்ல பக்கத்துக்கு வந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் 15 செ.மீ. வால் விட்டு, உள்பக்கத்தில் அதே எழுத்தின் கண்ணிகளுக்கு ஊடாகக் கோத்து விடுங்கள். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு உள்பக்கத்தில் நீளமாக நூலை இழுத்துப் போனால் பிள்ளையின் விரல் அதில் மாட்டும், துணியும் நீள முடியாது. மூன்று நான்கு கண்ணிக்கு மேல் தாண்ட வேண்டியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இந்த முறையை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெயரைப் பிரித்துவிடலாம். அண்ணன் போட்ட ஸ்வெட்டர் தம்பிக்கு வரும்போது உள்பக்கத்து வாலைக் கண்டுபிடித்து மெதுவாக உருவினால் ஆடைக்கு ஒரு சேதமும் இல்லை. நனைத்துக் காயவைத்தால் அழுந்திய தடமும் போய்விடும். எல்லா முறைக்கும் இந்த வசதி கிடையாது.

இனி எழுத்துக்கு வருகிறோம். இங்கேதான் அதிகப் பேர் தடுமாறுகிறார்கள். சதுரக் கட்டத் தாளில் அழகாக எழுத்தை வரைந்து, கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று போட்டுப் பார்த்தால் எழுத்து நசுங்கித் தெரியும். காரணம் எளியது. பின்னலின் கண்ணி சதுரம் அல்ல, அகலம் கூடியது. 4 மி.மீ. ஊசியில் டபுள் நிட்டிங் எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலால் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும். ஆகவே 10 கண்ணி அகலமுள்ள எழுத்து சதுரமாகத் தெரிய வேண்டுமானால் 13 வரிசை உயரம் வேண்டும். தாளில் கோடு போடும்போதே கட்டத்தை 14 மி.மீ. அகலம், 11 மி.மீ. உயரம் என்று போட்டுக்கொண்டால் வரைவதும் உடுத்துவதும் ஒன்றாக இருக்கும். உங்கள் ஸ்வெட்டரின் கணக்கு வேறாக இருந்தால் ஸ்கேலை வைத்து எண்ணி, அதே விகிதத்தில் கட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 5 கட்டம் அகலமும் 7 கட்டம் உயரமும் போதும், கட்டப் படங்களும் எங்கும் கிடைக்கின்றன. தமிழுக்கு அந்த அளவு போதாது. தமிழ் எழுத்தின் உடலுக்கு மேலே புள்ளியும் கொக்கியும் வரும், கீழே உகரத்தின் சுழிவும் ரகரத்தின் வாலும் வரும். உடலுக்கு 7 வரிசை, மேலே 3, கீழே 3 என்று 13 வரிசை ஒதுக்கிவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் அது 4.6 செ.மீ. உயரம்.

எளிய எழுத்துகள் உண்டு. ‘ட’வுக்கு இடப்பக்கம் 7 கண்ணி நெட்டாக, அடியில் 4 கண்ணி குறுக்காக, மொத்தம் 11 கண்ணி. ‘ப’வுக்கு இரண்டு பக்கமும் ஏழேழு, அடியில் 3, மொத்தம் 17. சங்கடம் சுழி உள்ள எழுத்துகளில்தான். நடுவில் ஓட்டை தெரிகிற மிகச் சிறிய சுழிக்கு 3 கட்டத்துக்கு 3 கட்டம் வேண்டும், அதில் நடுக்கட்டம் ஒன்றுதான் காலி. நூல் கொஞ்சம் ரோமம் உள்ளதாக இருந்தால் அந்த ஒரு கட்டமும் அடைத்துக்கொள்ளும். அப்போது ‘கெ’யும் ‘கே’யும் ஒன்றாகிவிடும். அத்தகைய நூலுக்குச் சுழியை 4 கட்டத்துக்கு 4 கட்டமாகப் பெரிதாக்குங்கள். ‘ண’வுக்கு 13 கட்டம் அகலம் கொடுங்கள். இடம் போதவில்லை என்று சுருக்கினால் ‘ன’ என்று படிப்பார்கள்.

இன்னொரு பிழை அடிக்கடி வருகிறது. ‘ர’வின் அடியில் சாய்ந்து இறங்கும் வாலை, இடம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். வால் போனால் ‘ர’ வெறும் துணைக்கால் ஆகிவிடுகிறது. ‘பரணி’ என்ற பெயர் நெஞ்சில் ‘பாணி’ என்று நிற்கும். இடைவெளியும் இதில் சேர்ந்துகொள்ளும். எழுத்துக்கு எழுத்து 2 கண்ணி இடைவெளி விடுங்கள், எழுத்துக்கும் அதன் துணைக்காலுக்கும் நடுவில் 1 கண்ணி மட்டும் விடுங்கள். ஒற்றைக் கொம்பையும் அப்படியே அதன் எழுத்தோடு நெருக்கி வையுங்கள்.

புள்ளிக்கு உடலின் மேல் ஒரு வரிசை காலி விட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தோடு ஒட்டி மேடாகத் தெரியும். ஒற்றைக் கண்ணியில் போட்ட புள்ளி சின்ன ‘வி’யாகவே தெரிவதால், அந்த இடத்தில் ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி பிரெஞ்சு முடிச்சு போடுவது எங்களுக்குப் பிடித்த வழி. கண்ணி நடுவில் ஏறிக் கண்ணி நடுவிலேயே இறங்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிவிடும். ஒரு கால் இழையைத் தாண்டி இறக்குங்கள்.

‘பரணி’யையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ப 5, ர 5, ணி கொக்கியோடு 15, நடுவில் இரண்டு இடைவெளிக்கு 4, ஆக 29 கண்ணி. 22 கண்ணிக்கு 10 செ.மீ. என்றால் இது 13 செ.மீ. சொச்சம். முன்பக்கம் 77 கண்ணி உள்ள சிறுவர் ஸ்வெட்டரில் இரண்டு பக்கமும் 24 கண்ணி விட்டால் பெயர் சரியாக நடுவில் உட்காரும். முதலில் நடுக்கண்ணியை ஒரு வெள்ளை நூலால் அடையாளம் செய்துகொள்ளுங்கள், கண்ணால் மதிப்பிட்டு நடு பிடிக்க முடியாது. நூல் 100 கண்ணிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் செல்லும். வால்களுக்கென்று அதற்கு மேலும் தாராளமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதில் கட்டத்தில் வரைகிறவர்களுக்கு ஒரு நன்மை கிடைத்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா வரிசைக்கும் தனித்தனி வடிவம் இருந்தது. இப்போது ஐகாரக் குறியை ஒரே முறை வரைந்து வைத்துக்கொண்டால் எல்லா எழுத்துக்கும் முன்னால் ஒட்டிவிடலாம், துணைக்காலும் அப்படியே. இ, ஐ, ஜ, ஸ்ரீ போன்றவற்றைக் கட்டத்தில் அடக்கி மல்லுக்கட்ட வேண்டாம். அவற்றைச் சங்கிலித் தையலில் போடுவதே அழகு.

புதிதாகப் பின்னும்போதே பெயரையும் சேர்த்துப் பின்னலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பின்னலாம். பெரிய ஒற்றை எழுத்துக்கு அது நன்றாக வரும். ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனிச் சிறு உருண்டை நூல் வைத்து, நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் உள்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டுவிட்டுத் தொடர வேண்டும். குறுக்கே போட மறந்தால் எழுத்தின் ஓரம் முழுக்கப் பிளவு விழும். இரண்டு நூலையும் வரிசை முழுக்கக் கூடவே இழுத்துப் போகிற முறையில் பின்னால் தொங்கும் நூல் 5 கண்ணிக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் நடுவில் ஒரு தடவை சுற்றிப் பிடிக்க வேண்டும். பல எழுத்துள்ள பெயருக்கு இந்த இரண்டு முறையையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் சிக்கிக்கொள்ளும், துணியும் உள்வாங்கிச் சுருங்கும். வெறும் உடலைப் பின்னி முடித்துவிட்டு ஊசியால் போடுங்கள்.

திசைக் குழப்பத்தில் வீணாகும் வேலை கொஞ்சமல்ல. தட்டையாகப் பின்னும்போது நல்ல பக்கத்து வரிசையில் படத்தை வலமிருந்து இடமாகவும், திரும்பும் வரிசையில் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வட்டமாகப் பின்னினால் எல்லா வரிசையும் வலமிருந்து இடம். கழுத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் ஸ்வெட்டருக்குப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் படிக்க வேண்டும். வீட்டுப் பின்னல் மெஷினில் துணியின் உள்பக்கம்தான் நம்மைப் பார்த்து இருக்கும். ஆகவே டிசைனை மெஷினுக்குச் சொல்லும் ஓட்டை குத்திய அட்டையான பஞ்ச் கார்டில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றிக் குத்த வேண்டும். குல்லாவின் ஓரத்தை மேலே மடித்துப் போடுவதாக இருந்தால் வெளியே தெரிவது துணியின் மறுபக்கம். யோசித்துத் தலை சுற்றுவதைவிட, மடித்துத் தலையில் வைத்து ஒரு ஊக்கு குத்தி மேல் எது கீழ் எது என்று குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அந்த ஓரம் மேடும் பள்ளமுமாக நெட்டுக் கோடுகள் வரும் ரிப் பின்னலாக இருந்தால் டூப்ளிகேட் ஸ்டிச் எடுபடாது, எழுத்துப் பாதி பள்ளத்தில் மறையும். அங்கே சங்கிலித் தையல்தான்.

ஒரே நிறத்தில், வேறு நூலே இல்லாமல் எழுத்துப் போடவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் மீனவர் ஊர்களில் கான்ஸி என்ற இறுக்கமான கம்பளி மேலாடையில், அடிப்பட்டைக்குச் சற்று மேலே உள்ள வெறும் பகுதியில், உடுத்துபவரின் முதலெழுத்துகளை பர்ல் கண்ணியால், அதாவது சாதாரண நிட் கண்ணியின் மறுபக்கம் போலத் தெரியும் கண்ணியால், பின்னும் வழக்கம் இருந்தது. தொங்கும் நூல் கிடையாது, சாயம் இறங்கும் பயம் கிடையாது, ஆடை தேயும் வரை எழுத்து இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பர்ல் கண்ணிகள் குறுக்காக வரிசையில் நின்றால் புடைத்துத் தெரியும், நெட்டாக நின்றால் உள்ளே அமுங்கும். அதனால் ‘ட’வின் அடிக்கோடு எடுப்பாகவும் நெட்டுக்கோடு மங்கலாகவும் வரும். நெட்டுக்கோட்டை இரண்டு கண்ணி அகலமாக்கி, நிட்டும் பர்லும் மாறி மாறி வரும்படி பின்னினால் இரண்டும் சமமாகத் தெரியும்.

பள்ளிக்குக் கொடுக்கும் மெஷின் ஸ்வெட்டருக்கு வருகிறோம். அதில் கண்ணி மிகப் பொடி. கண்ணிக்குக் கண்ணி போட்டால் கண் பூத்துவிடும். அதற்குச் சங்கிலித் தையலே ஏற்றது, அதுவும் கண்ணிகளால் ஆனது என்பதால் துணியோடு ஓரளவு நீளும். மெல்லிய டிஷ்யூ தாளில் பெயரை எழுதி, ஸ்வெட்டரின் மேல் பெரிய ஓட்டுத் தையலால் நிறுத்தி, தாளோடு சேர்த்துத் தையுங்கள். ஆங்கர் எம்பிராய்டரி நூலில் மூன்று இழை, மழுங்கிய மெல்லிய ஊசி, ஒவ்வொரு சங்கிலியும் 3 மி.மீ. முடித்த பிறகு தாளை லேசாக நனைத்துப் பிய்த்தால் தையல் இழுபடாமல் வந்துவிடும். பட்டர் பேப்பர் எளிதில் ஊறாது, பிய்க்கும்போது எழுத்தையும் இழுத்துக்கொண்டு வரும். துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கமாக மாட்டவே கூடாது. நீட்டிய நிலையில் தைத்தால் வளையத்தைக் கழற்றியதும் துணி சுருங்கி எழுத்துச் சுற்றிலும் சுருக்கம் விழும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்யும் கடைக்காரர்களுக்கும் சில வார்த்தை. திருப்பூரில் பனியன் துணியில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்ததே. சீருடை விற்கும் சின்ன ஊர்க் கடைகளில்தான் சட்டைத் துணிக்குப் போடுகிற அதே அமைப்பில் ஸ்வெட்டருக்கும் போட்டுத் தருகிறார்கள். ஊசி பால்பாயின்ட் 75/11 ஆக இருக்கட்டும். அது இழையை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். அடியில் கிழித்தெடுக்கும் பேப்பர் வேண்டாம், வெட்டியெடுக்கும் வகைப் பேக்கிங் (தையலைத் தாங்க அடியில் வைக்கும் விரிப்பு) போடுங்கள். கிழித்தெடுத்த பிறகு எழுத்தைத் தாங்க ஒன்றுமே இல்லாததால், கடையில் பளிச்சென்று இருந்த பெயர் சில சலவையிலேயே சுருண்டுவிடுகிறது. வெட்டும்போது எழுத்தைச் சுற்றி 6 மி.மீ. விட்டு, மூலைகளை வளைத்து வெட்டுங்கள், பிள்ளையின் தோலில் குத்தாது. வளையத்தில் பேக்கிங்கை மட்டும் மாட்டி, அதன் மேல் ஸ்வெட்டரை ஒட்டவைத்துத் தைப்பது மிகப் பாதுகாப்பானது. மேலே தண்ணீரில் கரையும் படலம் ஒன்றை விரித்தால் நூல் கம்பளிக்குள் புதையாது.

எழுத்தின் அடர்த்தியையும் குறைக்க வேண்டும். தையல் கோடுகளுக்கு நடுவே வழக்கமாக விடும் 0.4 மி.மீ. இடைவெளியை 0.45 ஆக்கி, முதலில் ஒரு அடித்தையல் ஓடவிடுங்கள். அடர்த்தி கூடினால் ஊசி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தித் துணியை வெட்டி எடுத்துவிடும். பெயரை ஓரத்திலிருந்து தொடங்காமல் நடு எழுத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்தால் துணி ஒரு பக்கமாக ஒதுங்காது. ஆங்கில எழுத்து 5 மி.மீ. உயரத்திலும் படிக்க வரும். தமிழ் எழுத்தின் உடல் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கருத்து. குறைந்தால் ண, ழி, ளி எல்லாம் நூல் கட்டியாகிவிடும். இடம் இல்லை என்றால் முழுப் பெயரைச் சிறிதாக்குவதைவிட முதலெழுத்தையும் வகுப்பையும் தெளிவாகப் போடுவது மேல்.

எழுத்துரு உடைவதும் கடைகளில் நடக்கிறது. பல எம்பிராய்டரி மென்பொருள்கள் தமிழ் யூனிகோடைச் சேர்த்து வடிவமைக்காது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே விலகி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகள் வரும். வழி ஒன்றுதான். இங்க்ஸ்கேப்பிலோ கோரல் டிராவிலோ பெயரைத் தட்டச்சு செய்து, சரியாகத் தெரிகிறதா என்று படித்துப் பார்த்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பிறகே எம்பிராய்டரி மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். தைக்கும் முன் பெயரைத் தாளில் அச்சிட்டு வாடிக்கையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் மெஷினில் இருந்தாலும் பிழை வராது.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. பருத்தி பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் பொருந்தும். பிளாஸ்டிசால் என்ற, சூட்டில் இறுகும் மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் முழுதாக வெந்திருக்க வேண்டும். ஆறிய பிறகு துணியை இழுத்துப் பாருங்கள், எழுத்து வெடித்தால் வேகவில்லை என்று பொருள். கபடி, கால்பந்து அணிகளின் பாலியஸ்டர் ஜெர்ஸியில் சிவப்புத் துணி மேல் வெள்ளை எழுத்துப் போட்டால் துணியின் சாயம் சூட்டில் மேலேறி எழுத்து இளஞ்சிவப்பாகும், அதற்கென்று சாயம் ஏறாத மை இருக்கிறது. அக்ரிலிக் ஸ்வெட்டரில் மட்டும் சூடு வைத்து ஒட்டும் எழுத்து எதையும் வைக்காதீர்கள். சூடும் அழுத்தமும் பட்டால் அக்ரிலிக் தளர்ந்து, பளபளவென்று நசுங்கிவிடும். அதை மீட்க முடியாது. இஸ்திரிப் பெட்டியும் அதற்கு ஆகாது.

கையால் போட்ட பெயருக்கு முதல் சலவைதான் சோதனை. சிவப்பு, கருநீலம், மெரூன் நூல்களை வெள்ளைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்த நூலை வெளிர்நிற ஸ்வெட்டருக்கு எடுக்காதீர்கள். பெயர் போட்டு முடித்ததும் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று இசைந்து உட்காரும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் எழுத்தும் சேர்ந்து நீளும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அரசுக்கும், ஸ்வெட்டர் தயாரித்துக் கொடுப்பவர்களுக்கும், சீருடை வாங்கும் தனியார் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் கம்பளி ஊசி இருக்காது, நேரமும் இருக்காது. ஸ்வெட்டர் தைக்கும்போதே பின்கழுத்தின் உள்பக்கத் தையலில், அளவு லேபிளுக்குப் பக்கத்திலேயே, 6 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள வெள்ளைப் பருத்தி நாடா ஒன்றை வெறுமையாகச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். மேல்விளிம்பு மட்டும் தையலில் சிக்கினால் போதும், நாலு பக்கமும் தைத்தால் கழுத்து நீளாது. நெய்த பருத்தி நாடாவில் சலவைக்கு அழியாத மார்க்கர் மை பரவாது, எழுதி ஒரு நாள் உலரவிட்டால் நிற்கும். இரண்டு வரி எழுத இடம் இருக்கும், ஒன்று பெயருக்கு, ஒன்று வகுப்புக்கு. தம்பி தங்கைக்குப் போகும்போது நாடாவை வெட்டிவிட்டு வேறு தைத்துக்கொள்ளலாம். கொள்முதல் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் நடக்கக்கூடிய காரியம் இது. அடுத்த கொள்முதலுக்கு முன் பள்ளிக் கல்வித் துறை இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்னல் வேலை கற்பிக்கும் சிலர்,
நீலகிரி மாவட்டம்.